பன் தின்ற யானைக்குச் சாட்சி

ஜனவரி 2, ஞாயிறு

வலது கையை மைதா மூட்டையின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. கதை இன்னும் நடக்கவில்லை. நடந்தாலும் நம்பமாட்டார்கள். எனக்கு நடப்பதை யாரும் நம்புவதில்லை என்பது பிறவியிலேயே எனக்கு வாய்த்த வரம்.

டைரி, மாவு மில்காரர் கொடுத்தது. முதலில் என் அக்கா மகள் பூங்கோதையிடம்தான் நீட்டினேன். "நீயே வெச்சுக்க மாமா. உன் பீலாவையெல்லாம் இதுல எழுதி வை. வயசான காலத்துல படிச்சுச் சிரிக்கலாம்" என்று திருப்பித் தந்துவிட்டாள். யாருக்கு வயசான காலம் என்று சொல்லவில்லை.

எழுதுகிறவரைப் பற்றி நாலு வரி. பெயர் கனகசபை. அரசு மனநல மருத்துவமனையின் ரொட்டிக் கூடத்தை ஆளும் மன்னர். தேறிவரும் நோயாளிகளுக்குக் கைவேலை பழக்குவதற்காக இந்தக் கூடம். அவர்கள் பிசைந்து, உருட்டி, சுட்டு எடுக்கும் ரொட்டியும் பன்னும் எல்லா வார்டுகளுக்கும் போகும். மிச்சத்தைப் பின்பக்கத் தெருவைப் பார்த்த ஜன்னல் வழியாக ஊர்க்காரர்களுக்கு விற்போம். என் பன்னின் வாசனைக்குக் கடலில் கப்பல்கள் வழி மாறி வந்திருக்கின்றன. நோயாளிகள், நர்ஸுகள், வாட்ச்மேன், பெரிய டாக்டரின் டிரைவர் என எல்லோருக்கும் நான் மாமா. எனக்கு மட்டும் யாரும் மாமா இல்லை.

ஜனவரி 5, புதன்

புது ஈஸ்ட் வந்தது. மாவு அப்படி உப்பியது, கதவைத் திறக்கவே முடியவில்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் சுவரைத் தாங்கிப் பிடித்தார்கள்.

இன்று கோதண்டத்தைப் பற்றி எழுதவேண்டும். அவர்தான் என் ராஜ்யத்தின் தலைமை மந்திரி. ஆரணிப் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் நட்டநடு ரோட்டில் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, "பஸ்ஸு அழுவுது, எல்லாரும் எறங்குங்க" என்று ஜனங்களை இறக்கிவிட்டு, முன் டயரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்படி வந்தவர் இங்கேயே பல வருஷம் இருந்துவிட்டார். இப்போது பஸ் அழுவதில்லை. மாத்திரையை அவரே நேரம் பார்த்துக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். என்னைவிடத் தெளிவாக இருக்கிறார் என்று நர்ஸம்மாக்கள் சொல்கிறார்கள். பொறாமை.

கண்டக்டர் புத்தி மட்டும் போகவில்லை. பன் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி இரும்புக் கதவைச் சாத்தும்போது, கதவை இரண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைய்ட்" என்பார். வெந்ததும், "எறங்கு எறங்கு, பன்னெல்லாம் எறங்கு, படியில நிக்காத." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யோவ், இது அடுப்புய்யா. ஆரணி பஸ் இல்ல."

"ரெண்டுலயும் சூடுதான் மாமா. இதுல சில்லறை கேட்டு எவனும் சண்டைக்கு வர்றதில்ல."

ஜனவரி 9, ஞாயிறு

கோதண்டத்தின் தங்கை செண்பகம் வந்திருந்தாள். ஜன்னல் ஓரம் நின்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தபடியே சேதி சொன்னாள். அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு உட்காருகிறது. டாக்டர்கள் குணமாகிவிட்டது என்று சொன்னால் அண்ணனை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

"எங்க வூட்டுக்காரரைச் சம்மதிக்க வெக்கறதுக்குள்ள என் பாதி உசுரு போயிடுச்சு மாமா. இந்தவாட்டி டாக்டருங்க முடியாதுன்னுட்டா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காதேன்னுட்டாரு."

கோதண்டம் முறுக்கை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். ஒரு பாதி கீழே விழுந்தது. அவருடையதுதான்.

அவர் போவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. டீ குடிக்கும்போது தண்ணீருக்குப் பூமியில் போர் போடுகிற மாதிரிச் சத்தம் வரும் அவரிடம். நிம்மதியாக இருக்கலாம்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். எல்லா வார்டிலும் சர்க்கரைப் பொங்கல். என் பன்னை ஒருவரும் சீந்தவில்லை. உலகத்தோடு பேச்சுவார்த்தை நிறுத்தம், ஒருநாள் மட்டும்.

ஜனவரி 25, செவ்வாய்

நடந்துவிட்டது! சொன்னேனே, நம்பமாட்டார்கள் என்று. அது நடந்தேவிட்டது!

இன்று தைப்பூசம். முருகன் கோயில் ஊர்வலத்துக்காகத் தெற்கே இருந்து அலமேலு என்ற யானையை வரவழைத்திருந்தார்கள். குளத்தில் குளிப்பாட்டிவிட்டு எங்கள் பின்தெரு வழியாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்போதுதான் முதல் தட்டு பன் இறங்கி, ஜன்னல் மேடையில் ஆறிக்கொண்டிருந்தது. கறுப்பாக ஒன்று ஜன்னலுக்குள் நீண்டது. தும்பிக்கை! வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. காலையில் வர ஆரம்பித்தது, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் முடியவில்லை. முந்நூறு பன், ஒரு மைதா மூட்டை, மேசை மேலிருந்த என் மூக்குக்கண்ணாடி எல்லாம் உள்ளே போயின. கடைசியில் நான்தான் தும்பிக்கையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டு வெளியே தள்ளினேன்.

இதை நான் கூடத்திலேயே முழங்கிக்கொண்டிருந்தபோது கோதண்டம் குறுக்கே புகுந்தார்.

"மாமா, ஒரே ஒரு பன்னுதான். அதுவும் ஓரத்துல இருந்த சப்பிப்போன பன்னு. பாகன் அதட்டுனாரு, போயிடுச்சு."

"யானை எடுத்தா ஒண்ணே ஒண்ணா எடுக்கும்? அதுக்குன்னு ஒரு கௌரவம் வேணாமா?"

"உங்க கண்ணாடி உங்க மூக்குமேலதான் இருக்கு."

யாரிடமும் பேசாமல் மாவு பிசையும் நோயாளி முனுசாமி வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் வார்டு வார்டாகப் போய்க் கதையைப் பரப்பினேன். ஒவ்வொரு வார்டிலும் யானை கொஞ்சம் வளர்ந்தது. பெண்கள் வார்டை அடைந்தபோது ஏழு யானைகள். அங்கே டாக்டர் வைஜயந்தி மேடம் நின்றிருந்தார். எங்கள் கூடத்து நோயாளிகளைப் பார்ப்பவர் அவர்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "கனகசபை, உங்களுக்கும் ஒரு பெட் ஒதுக்கச் சொல்லட்டுமா?" என்றார். கைதட்டல். மாபெரும் வெற்றி.

பிப்ரவரி 2, புதன்

போர்டு.

கோதண்டம் சலவைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து மாப்பிள்ளை மாதிரி போனார். வெளியூரிலிருந்து வந்த இரண்டு பெரிய டாக்டர்கள், நடுவில் வைஜயந்தி மேடம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. என் காது தானாக நீண்டது.

பெயர், ஊர், கிழமை, மாத்திரை எல்லாவற்றுக்கும் பதில்கள் கணீரென்று வந்தன. ஒரு டாக்டர் சிநேகமாகக் கேட்டார்: "வேலை பார்க்கற இடத்துல நாளெல்லாம் எப்படிப் போகுது? சமீபத்துல மனசுக்குச் சந்தோஷமா ஏதாவது நடந்துச்சா?"

"நடந்துச்சு சார். தைப்பூசத்தன்னிக்கு ஒரு யானை ஜன்னல்ல தும்பிக்கைய விட்டு ஒரு பன்னு எடுத்துக்கிச்சு."

உள்ளே காகிதம் புரளும் சத்தம்.

"யானை உங்ககிட்ட ஏதாவது பேசுச்சா?"

"யானை எப்படி சார் பேசும்?"

"பஸ் அழுதுச்சுன்னு சொல்லித்தானே இங்க வந்தீங்க?"

அதற்குள் வைஜயந்தி மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். "இந்த யானைக் கதை நீங்க வார்டு வார்டா சொன்னதுதானே?"

என் மூளை ராக்கெட் வேகத்தில் வேலை செய்தது. யானை உண்டு என்றால் என்னை நம்பமாட்டார்கள். பழி என்மேல் விழுந்தால் அவர் தப்பிப்பார். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "ஆமாம் மேடம், என் பீலாதான். யானையும் இல்ல, பூனையும் இல்ல. நான் சொன்னதை இவரு அப்படியே நம்பிட்டாரு. தப்பு என்னோடது."

"நீங்க கதையா கேட்டீங்களா கோதண்டம், இல்ல கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"கண்ணால பார்த்தேன் மேடம்" என்றார் அவர். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பேனாக்கள் எழுதின. இல்லாத யானையைக் கண்ணால் பார்த்தவரை இப்போது அனுப்ப முடியாதாம். அடுத்த போர்டில் பார்க்கலாமாம். அது எப்போதோ.

அவர் இங்கேயே இருக்கப்போகிறார். எழுதி வைக்கிறேன்: எனக்கு இதில் சந்தோஷம் இல்லை. துளிகூட இல்லை. இரண்டாவது முறையும் எழுதி வைக்கிறேன், இல்லை.

பிப்ரவரி 3, வியாழன்

அடுப்புக் கதவு சத்தமில்லாமல் மூடியது. யாரும் 'எறங்கு' என்று சொல்லாததால் ஒரு தட்டு பன் கருகிவிட்டது.

பிப்ரவரி 5, சனி

டீ நேரத்தில் கோதண்டம் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். உறிஞ்சவே இல்லை.

"மாமா, யானை வந்துச்சா?"

"வந்துச்சுய்யா."

"அன்னிக்கு இல்லன்னீங்க."

"அது உன்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னது."

"அப்ப இது என்னைத் தேத்தறதுக்குச் சொல்றதா?"

எனக்கு வாயடைத்துப் போனது. வரலாற்றில் இது முதல் தடவை. கல்வெட்டில் பொறிக்கவேண்டும்.

"முனுசாமி! யானை வந்துச்சாடா?" என்று கத்தினேன். முனுசாமி மாவிலிருந்து தலையை நிமிர்த்தி ஆட்டினான். கோதண்டம் வறட்சியாகச் சிரித்தார். "அவன் எதுக்குத்தான் தலையாட்ட மாட்டான்? எனக்குப் பழையபடி ஆரம்பிச்சிடுச்சா மாமா? பஸ்ஸு அழுதப்பகூட எனக்கு இப்படித்தான், சத்தியமா கேட்டுச்சு."

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், யானை நிஜம்."

"எத்தனை? ஏழா?"

"ஒண்ணுதான் மேடம். ஒரே ஒரு பன்னு."

"பரவாயில்லையே, ஆறு குறைஞ்சிருக்கு. நல்ல முன்னேற்றம்." சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "வேற யாரு பார்த்தாங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கூடத்தில் அன்று இருந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள். நோயாளி இல்லாதவன் நான் ஒருவன்தான். என் சாட்சிக்கு இந்த மருத்துவமனையில் என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும்.

மேடம் நல்லவர். மேசைக் காலண்டரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "நானே ஒருநாள் கூடத்துக்கு வந்து, அவர் வேலை செய்யறதைப் பார்த்து, பேசிப் பார்க்கறேன். எனக்குத் திருப்தியா இருந்தா அடுத்த போர்டு வரைக்கும் காத்திருக்க வேணாம், நானே எழுதி அனுப்பறேன். இருபத்துநாலாம் தேதி காலையில வர்றேன். அதுவரைக்கும் அவரைப் போட்டுக் குழப்பாதீங்க."

பிப்ரவரி 8, செவ்வாய்

குழப்பினேன். வேறு வழியில்லை.

"கோதண்டம், மேடம் வந்து கேட்டாங்கன்னா, 'யானை இல்ல மேடம், இப்பப் புரியுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் பன்னுக்கு மேலே பால் தடவிக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார்.

"பார்த்ததைப் பார்க்கலன்னு சொல்லிட்டு வெளிய போனா, அப்புறம் வெளிய பார்க்கறதையெல்லாம் நான் எப்படி நம்பறது மாமா? ரோட்டைத் தாண்டணும், பஸ் நம்பரைப் படிக்கணும். என் கண்ணுமேலதான நான் நடக்கணும்?"

நான் துணியை எடுத்து மிச்சப் பன்களுக்குப் பால் தடவினேன். என் புகழ் அஸ்தமிக்கிறது.

பிப்ரவரி 13, ஞாயிறு

செண்பகம் வந்தாள். முறுக்கு இல்லை.

"யானைன்னு எதுக்குண்ணா சொன்ன? சும்மா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

"வந்துச்சு. அதான் சொன்னேன்" என்றார் கோதண்டம். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்துச்சுன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

அந்த 'நினைக்கிறேன்' நேராக என் நெஞ்சில் வந்து இறங்கியது. போன வாரம்வரை அவர் வாயில் அந்த வார்த்தை இல்லை.

மாசி முடிந்ததும் பின்கட்டு அறையில் தன் அம்மாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளப்போவதாக செண்பகத்தின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். "மேடம் வர்ற அன்னிக்கு நல்லபடியா பேசச் சொல்லுங்க மாமா" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தப் பூவுலகில் எத்தனையோ பேர் என்னைக் கும்பிட்டிருக்கிறார்கள். அத்தனையும் ரசித்தவன் நான். இதை ரசிக்கவில்லை.

ஒரு முடிவுக்கு வந்தேன். யானைக்கு யானைதான் சாட்சி.

பிப்ரவரி 16, புதன்

அரைநாள் லீவு போட்டு அலமேலுவைத் தேடிப் புறப்பட்டேன். காடு மலை தாண்டி, ஏழு கடல் நீந்தி, கடைசியில் ஏரிக்கரைத் தென்னந்தோப்பில் கண்டுபிடித்தேன். (டவுன் பஸ்ஸில் போனால் நாலாவது ஸ்டாப்.) மாசி மகத்துக்குப் பெருமாளோடு கடற்கரை வரை போகவேண்டும் என்று யானையை ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பாகன் இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர். நான் ரொட்டிக் கூடம் என்றதுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தப் பன்னுக்காரர் நீர்தானாவே? ஒத்த பன்னுல எம் பிள்ளையக் கெடுத்துட்டீரே! அன்னையிலேருந்து எந்த பேக்கரியக் கண்டாலும் நின்னுக்கிடுதா. நகர மாட்டேங்கா. நேத்துக் கடைத்தெருவுல அரை மணி நேரம் டிராபிக் ஜாம். போலீஸ்காரர் என்னையில்லா ஏசுதாரு!"

அலமேலு என் சட்டையை முகர்ந்து பார்த்தது. முப்பது வருஷ மைதா வாசனை. காதல் என்றால் இதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

காலில் விழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எப்படித்தான் ஜனங்கள் தினமும் இப்படிப் பேசுகிறார்களோ, நாக்கே வறண்டுவிட்டது. இசக்கிமுத்து நம்பாமல் பார்த்தார்.

"யானையப் பாத்தேன்னு சொன்னதுக்கா ஒரு மனுசன உள்ள வச்சிருக்காவ?"

"ஆமாங்க."

"வந்தது எங்க அலமேலுன்னு அவர் பேர் சொல்லலியோ?"

"பேர் தெரியாதுங்க அவருக்கு."

கொஞ்ச நேரம் யானையின் காதைத் தடவிக்கொண்டே நின்றார். "மாசி மகத்தன்னைக்கிக் காலையில அந்தத் தெரு வழியாத்தான் கோயிலுக்கு வரணும். ஆனா ஒண்ணு கேட்டுக்கிடும். சீனி போட்ட பன்னு குடுத்தீரு, உம்மைத் தும்பிக்கையில தூக்கிக் குளத்துல போட்டுருவேன். சீனி, உப்பு ஒண்ணும் இல்லாம கோதுமையில ஒரு ரொட்டி போட்டு வையும்."

மாசி மகம் என்ன தேதி என்று கேட்டேன். இருபத்துநாலு.

திரும்பும்போது பஸ் கண்டக்டர் "போலாம் ரைட்" என்றார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ரோடு போடுகிறார்கள்.

பிப்ரவரி 23, புதன்

கோதுமை ரொட்டி தயார். வண்டிச் சக்கரம் அளவு. (இந்த அளவு நிஜம்தான், சின்ன வண்டி.) கோதண்டத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. யானை வராமல் போனால்? ஏமாற்றம் ஒரு பக்கம். மறுபக்கம், வரும் என்று நான் சொல்லும் யானையும் பொய் என்று ஆகிவிடும்.

பிப்ரவரி 24, வியாழன்

பூங்கோதை, இதை உட்கார்ந்து படி.

மேடம் சொன்னபடி காலையில் வந்தார். நோட்டும் பேனாவும் கையில். ஜன்னல் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். சூடாக ஒரு பன்னும் டீயும் வைத்தேன். கோதண்டம் வேலை செய்தார். பேசாமல், கவனமாக, பிழையே இல்லாமல் செய்தார். கதவை மூடும்போது 'ரைட்' மட்டும் சொல்லவில்லை. அதைக் காதால் கேட்டிருந்தால் மேடத்துக்கு அவர் எவ்வளவு நல்லபடியாக இருக்கிறார் என்று தெரிந்திருக்கும். அதை எப்படி நான் எடுத்துச் சொல்வது?

தெருவைப் பார்த்தேன். யானை இல்லை. ஒரு தள்ளுவண்டி. ஒரு நாய். மறுபடியும் நாய்.

மேடம் டீயைக் குடித்து முடித்தார். நான் இன்னொரு டீ கொடுத்தேன். அதையும் குடித்தார். மூன்றாவதை நீட்டியபோது, "என்ன கனகசபை, என்னை இங்கேயே அட்மிட் பண்ணப் பார்க்கறீங்களா?" என்றார்.

பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "கோதண்டம், அந்த யானை விஷயம். இப்ப என்ன நினைக்கறீங்க?"

கோதண்டம் கையிலிருந்த மாவைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரே காற்றில்லாமல் தவித்திருக்கும்.

"மேடம், இல்லன்னு சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். என் தங்கச்சி அங்க ரூமை வெச்சுக்கிட்டுக் காத்திருக்கா. எனக்குப் போகணும் மேடம். ரொம்பப் போகணும். ஆனா நான் பார்த்தேன். எல்லாரும் இல்லைன்றீங்க, எனக்கே சந்தேகமாத்தான் இருக்குது. ஆனா கேட்டீங்கன்னா, பார்த்தேன்னுதான் சொல்லணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் வருத்தம். பேனா மூடியைத் திறந்தார்.

அப்போது மணிச் சத்தம். கிணிங், கிணிங்.

ஜன்னலில் வெளிச்சம் மறைந்தது. மேடத்தின் தோளுக்கு மேலாக, ஈரமும் முடியுமாக, தும்பிக்கை சாவகாசமாக உள்ளே நீண்டது. நான் செய்து வைத்த வண்டிச் சக்கர ரொட்டியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மேடத்தின் தட்டிலிருந்த சீனி போட்ட பன்னை எடுத்தது. போகிற போக்கில் மேடத்தின் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டுப் போயிற்று.

மேடம் போட்ட சத்தத்தில் ஊர்த் தண்ணீர்த்தொட்டி விரிசல் விட்டது. கடலில் மீன்கள் கரையேறின. ஸ்டூல் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம்.

வெளியே இசக்கிமுத்துவின் குரல்: "அடி கழுத! சீனிய எடுக்காதன்னு சொன்னேன்லா!"

கோதண்டம் நகரவே இல்லை. ஜன்னலையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், ரகசியம் கேட்கிற மாதிரி, பயந்து பயந்து கேட்டார்:

"மேடம்... எனக்கு மட்டும்தான் தெரியுதா? உங்களுக்கும் தெரியுதா?"

மேடம் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"தெரியுது கோதண்டம்" என்றார். "எனக்கும் தெரியுது. உங்களை நான் நம்பியிருக்கணும்."

கோதண்டம் அப்படியே மாவு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான். முனுசாமி அவர் முதுகில் தட்டினான். இரண்டு தட்டு. தட்டிவிட்டு, நான் இத்தனை நாளில் கேட்டே இராத குரலில் சொன்னான்: "போலாம் ரைய்ட்."

மேடம் தரையிலிருந்து நோட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இனிமே நீங்க ஏழு யானைன்னு சொன்னா, ஒண்ணையாவது நான் தேடிப் பார்க்கறேன்."

வண்டிச் சக்கர ரொட்டியை யாரும் தின்னவில்லை. சீனியில்லாத ரொட்டியை யானையே சீந்தவில்லை, மனிதர்களைச் சொல்லி என்ன.

மார்ச் 3, வியாழன்

கோதண்டம் போனார்.

ஒரு துணிப்பை, மாத்திரைப் பொட்டலம், ஒரு டஜன் பன். செண்பகம் வாசலில் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார். பயந்த சுபாவம், மீசைதான் பெரிசு. "யானை கதை ஊரு பூரா தெரியும் மச்சான். நம்ம தெருப் பசங்க உங்களைப் பார்க்கணும்னு உட்கார்ந்திருக்காங்க" என்று பையை வாங்கிக்கொண்டார்.

"மாமா, அடுப்புக் கதவு கீல்ல எண்ணெய் விடுங்க. இழுக்குது."

"எனக்குத் தெரியும், நீ போய்யா."

"பசங்க கேட்டா எத்தனை யானைன்னு சொல்லட்டும்?"

"உன் இஷ்டம். ஆனா ஏழுக்குக் குறையாம பாத்துக்க."

ஆட்டோ கிளம்பும்போது வெளிப்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினார். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அப்பாடா. இனி நிம்மதியாக டீ குடிக்கலாம்.

மார்ச் 4, வெள்ளி

டீயில் சத்தமே இல்லை. பால் சரியில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 31, வியாழன்

மாத்திரை வாங்க ஓ.பி.க்கு வந்த கோதண்டம் கூடத்துக்கும் வந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். அவர்கள் தெருவுக்கு வரும் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை கிடைத்திருக்கிறதாம். படியில் நிற்கவிட மாட்டாராம். தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறதாம். வேன் அழுகிறதா என்று நானே கேட்டேன். "அழல மாமா. பிரேக் போட்டா கொஞ்சம் கத்துது, அது எல்லாருக்கும் கேட்குது. டிரைவரைக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்" என்றார். ஒரு கிளாஸ் டீ குடித்தார். போர் போட்டதில் பூமி அதிர்ந்தது. பால் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 3, ஞாயிறு

பூங்கோதை டைரியைப் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டாள்.

"மாமா, சத்தியமா சொல்லு. இதுல எது நிஜம்?"

"யானையை விடு" என்றேன். "மீன் கரையேறினதையும் தண்ணித்தொட்டி விரிஞ்சதையும் விடு. எனக்கு அவரு போனதுல நிம்மதின்னு எழுதியிருக்கேன் பாரு, அதையும் விட்டுடு."

"அப்ப ஒண்ணுமே நிஜம் இல்லையா?"

அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். கோதண்டம் போன மறுநாளிலிருந்து அடுப்புக் கதவை மூடுவது நான்தான். கீலுக்கு எண்ணெய் விட்டாயிற்று. மூடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பேன். அப்புறம் கதவை இரண்டு தட்டுத் தட்டுவேன்.

"போலாம் ரைய்ட்" என்பேன். சத்தமாகவே சொல்வேன்.